இரவில் வந்த ஆசிரியர்: புனித எரோணிமுஸ் எபிரேயம் கற்ற வரலாறு



பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், குரோம்பேட்டை என்று நம் பகுதியில் எந்தத் தெருவில் நடந்தாலும் டியூஷன் பலகை ஒன்றாவது கண்ணில் படும். மாலையானால் கணக்குக்கு ஒரு வீடு, ஆங்கிலத்துக்கு ஒரு வீடு, இந்திக்கு ஒரு வீடு என்று பிள்ளைகள் புத்தகப் பையோடு போய்வருகிறார்கள். பெற்றோர் தங்கள் செலவைச் சுருக்கிக்கொண்டு அதற்குப் பணம் கட்டுகிறார்கள். தனி ஆசிரியரிடம் பாடம் கேட்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாற்பது வயதை எட்டிய ஒருவர், அதுவும் பெரிய அறிஞர் என்று பெயர் பெற்ற ஒருவர், கைக்காசு கொடுத்து, இரவு நேரத்தில் ஒரு மொழியை மாணவனாக உட்கார்ந்து கற்றார் என்றால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

அவர்தான் புனித எரோணிமுஸ். ஜெரோம் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அந்தப் புனிதர்தான். செப்டம்பர் 30ஆம் நாள் அவருடைய திருநாள். திருவிவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்தவர் என்று அவரை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பணிக்காக அவர் யாரிடம் போய்க் கற்றார், அதற்காக எவ்வளவு பேச்சு வாங்கினார் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. அதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

இலத்தீன் மேல் கொண்ட காதல்

எரோணிமுஸ் ஏறத்தாழ 347ஆம் ஆண்டு, தல்மாத்தியா, பனோனியா ஆகிய உரோமை மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். மகனை உரோமைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த தொனாத்துஸ் என்னும் இலக்கண ஆசிரியரிடம் அவர் பயின்றார். சிசரோ, வெர்ஜில் போன்ற இலத்தீன் மேதைகளின் நூல்களில் மூழ்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மறைசாட்சியரின் நிலத்தடிக் கல்லறைகளைத் தரிசிப்பதும் அவர் வழக்கம். உரோமையிலேயே திருமுழுக்குப் பெற்றார்.

பின்னர் துறவு வாழ்வை நாடிக் கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்டார். வீட்டையும் உறவையும் நல்ல உணவையும் விட்டுவிட்ட அவரால், உரோமையில் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களை மட்டும் விட முடியவில்லை. அவற்றைக் கூடவே கொண்டு சென்றார். நோன்பும் இருப்பார், சிசரோவையும் படிப்பார். அதன்பின் இறைவாக்கினர் நூல்களைத் திறந்தால் அவற்றின் நடை அவருக்குக் கரடுமுரடாகத் தோன்றும்.

அந்தியோக்கியாவில் தவக்காலத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அப்போது கண்ட கனவைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நடுவரின் முன் நிறுத்தப்பட்டு, நீ யார் என்று கேட்கப்படுகிறார். கிறிஸ்தவன் என்று பதில் சொல்கிறார். அது பொய், நீ சிசரோவைச் சேர்ந்தவன், உன் செல்வம் எங்கோ உன் உள்ளமும் அங்கேதான் என்று தீர்ப்பு வருகிறது. இந்தக் கனவு அவரை உலுக்கிவிட்டது.

பாலைநிலத்தில் முதல் பாடம்

ஏறத்தாழ 375ஆம் ஆண்டு, சிரியா நாட்டின் கால்கிஸ் பாலைநிலத்தில் அவர் தனித்துறவியாக வாழத் தொடங்கினார். உடல் அங்கே இருந்தாலும் மனம் உரோமை நகரின் ஆடல் பாடல்களை நோக்கி ஓடியது. நோன்பால் மட்டும் அந்த மனத்தைக் கட்ட முடியவில்லை. கடினமான வேலை ஒன்றைக் கொடுத்தால்தான் அது அடங்கும் என்று கண்டார். யூதராய் இருந்து கிறிஸ்தவத் துறவியான ஒருவர் அங்கே இருந்தார். அவரிடம் எபிரேய எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார்.

இலத்தீனில் கொடிகட்டிப் பறந்தவர், மீண்டும் அகரம் எழுதும் குழந்தையானார். சீறுவது போலவும் மூச்சிரைப்பது போலவும் ஒலித்த சொற்கள் அவர் நாவுக்கு வசப்படவில்லை. பலமுறை மனம் சோர்ந்து விட்டுவிட்டார். கற்க வேண்டும் என்ற ஆவலால் மறுபடியும் தொடங்கினார். முதுமையில் ஓர் இளம் துறவிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பாடுகளை எல்லாம் நினைவுகூர்ந்து, அந்தக் கசப்பான விதையிலிருந்து இப்போது இனிய கனிகளைப் பறிப்பதாக நன்றியோடு குறிப்பிடுகிறார்.

ஏன் ஆசிரியர் தேவைப்பட்டார்?

புத்தகத்தை வைத்துத் தாமாகவே கற்றிருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அன்று அது நடக்கிற காரியம் அல்ல. எபிரேய மொழிக்கு இலக்கண நூல் கிடையாது. அகராதியும் கிடையாது. அவை எழுதப்பட்டது பத்தாம் நூற்றாண்டில்தான். எபிரேயத்தில் 22 எழுத்துகள். அனைத்தும் மெய்யெழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் எரோணிமுசின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன.

இதன் சிரமத்தைத் தமிழில் எண்ணிப் பார்ப்போம். ககரம், லகரம் என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் எழுதி வைத்தால் அதைக் கல் என்று படிப்பதா, கால் என்று படிப்பதா? கோல், கேலி, கூலி என்றும் படிக்கலாமே! நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டாமல் எழுதியதால் படிப்பவர்கள் தடுமாறியதுண்டு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமை நம் வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது.

எபிரேயத்திலோ இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. தாலத், பேத், ரேஷ் என்ற அதே மூன்று எழுத்துகளைத் தாபார் என்று படித்தால் சொல் என்று பொருள். தெபெர் என்று படித்தால் கொள்ளைநோய் என்று பொருள். இதை எரோணிமுசே தம் விளக்கவுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். எந்த இடத்தில் எப்படிப் படிக்க வேண்டும் என்பது ஏட்டில் இல்லை. தொழுகைக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்தவர்களின் நாவில் இருந்தது. ஆகவே ஆசிரியரின் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும். அந்த ஆசிரியர்கள் யூதர்கள்.

உரோமையில் மூன்று ஆண்டுகள்

அந்தியோக்கியாவில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கான்ஸ்டான்டிநோபிளில் சிலகாலம் தங்கிய எரோணிமுஸ், 382இல் உரோமைக்குத் திரும்பினார். திருத்தந்தை தமாசு அவரைத் தம் செயலராக வைத்துக்கொண்டார். அன்று இலத்தீன் மொழியில் விவிலியப் பிரதிகள் பல இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நற்செய்தி நூல்களைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணியைத் திருத்தந்தை அவரிடம் ஒப்படைத்தார்.

அந்தப் பணியின் நடுவிலும் எபிரேயத்தை அவர் விடவில்லை. ஒருமுறை யூதர் ஒருவர் தொழுகைக்கூடத்தின் ஏடுகள் சிலவற்றைத் தாம் படிப்பதாகச் சொல்லி வாங்கி வந்து எரோணிமுசிடம் கொடுத்தார். உடனே திருப்பித் தரவேண்டிய நிலை. எனவே கையிலிருந்த வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, விரைந்து படியெடுக்க உட்கார்ந்துவிட்டார். திருத்தந்தைக்கு எழுதிய மடலில் இதைக் காரணம் காட்டி, பதில் தாமதமானதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறார்!

இந்த ஆர்வம் மற்றவர்களையும் தொற்றியது. மர்செல்லா, பவுலா, பவுலாவின் மகள்கள் பிளேசில்லா, யூஸ்தோக்கியம் ஆகிய உரோமை உயர்குடிப் பெண்கள் அவரிடம் விவிலியம் கற்றார்கள். பவுலாவும் யூஸ்தோக்கியமும் எபிரேயமும் கற்றார்கள். இலத்தீன் வாடையே இல்லாமல் பவுலா எபிரேயத்தில் திருப்பாடல்களைப் பாடுவார் என்று எரோணிமுஸ் பெருமையோடு எழுதுகிறார். வீட்டுப் பெண்களுக்கு எதற்கு இறையியல் என்று இன்றும் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு 4ஆம் நூற்றாண்டே பதில் சொல்லிவிட்டது.

384இல் திருத்தந்தை தமாசு இறந்தார். எரோணிமுசின் கூர்மையான நாவு அதற்குள் பல பகைவர்களைச் சம்பாதித்திருந்தது. 385இல் அவர் உரோமையை விட்டு வெளியேறினார். 386இல் பெத்லகேம் வந்து சேர்ந்தார். பவுலாவும் யூஸ்தோக்கியமும் அங்கே வந்தார்கள். பவுலாவின் செல்வத்தால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் துறவு இல்லங்களும் திருப்பயணிகள் விடுதியும் எழுந்தன.

பெத்லகேமில் இரவுப் பாடம்

இதற்குள் எரோணிமுசுக்கு நாற்பது வயது. கிரேக்கமும் இலத்தீனும் அறிந்தவர், நூல்கள் எழுதியவர், திருத்தந்தைக்குச் செயலராய் இருந்தவர். தமக்குத் தெரிந்த எபிரேயம் போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் மீண்டும் மாணவரானார். பாரனினா என்ற யூதரைத் தனி ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். அதற்கு எவ்வளவு உழைப்பும் எவ்வளவு பணமும் செலவாயிற்று என்பதைப் பின்னாளில் அவரே சொல்கிறார்.

பாரனினா பகலில் வருவதில்லை. கிறிஸ்தவத் துறவிக்குப் பாடம் சொல்கிறார் என்று தெரிந்தால் தம் இனத்தவர் என்ன செய்வார்களோ என்ற அச்சம் அவருக்கு. எனவே இயேசுவைத் தேடி வந்த நிக்கதேமைப் போல அவரும் இரவில் வந்தார். நிக்கதேம் இரவில் வந்தது கற்றுக்கொள்ள. பாரனினா இரவில் வந்தது கற்றுக்கொடுக்க. இருவருக்குமே அந்த வருகை ஆபத்தானதுதான்.

அவர் ஒருவரோடு எரோணிமுஸ் நிறுத்தவில்லை. யோபு நூல் மிகக் கடினமானது. அதை விளங்கிக்கொள்ள லித்தாவிலிருந்து ஒரு யூத ஆசிரியரைப் பெருந்தொகை கொடுத்து வரவழைத்தார். புனித பேதுரு முடக்குவாதமுற்ற ஐனேயாவைக் குணப்படுத்தியதாகத் திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதே லித்தாதான். அவ்வளவு செலவு செய்தும், அவர் பாடத்தால் எவ்வளவு பயன் அடைந்தேன் என்று தெரியவில்லை, எனக்கு விளங்கியதை மட்டுமே மொழிபெயர்த்தேன் என்று எரோணிமுஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். குறிப்பேடு நூல்களில் வரும் ஆள்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் சரிபார்க்கத் திபேரியாவிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை அவரோடு உட்கார்ந்து ஒப்பிட்டார்.

தானியேல் நூலின் ஒரு பகுதி அரமேய மொழியில் உள்ளது. அதைக் கற்கும்போதும் மனம் உடைந்து விட்டுவிட நினைத்தார். அப்போது யூதர் ஒருவர்தான் விடாமுயற்சி எதையும் வெல்லும் என்று சொல்லி அவரைத் தேற்றினார். தோபித்து நூல் அவருக்கு அரமேயத்தில் கிடைத்தது. இரு மொழிகளும் நன்கறிந்த ஒருவர் அரமேயத்தை வாசித்து எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, எரோணிமுஸ் அதை இலத்தீனாக்கி எழுத்தரிடம் சொல்ல, ஒரே நாளில் அந்நூல் முடிந்தது.

இவ்வாறு ஏறத்தாழ 390 முதல் 405 வரை, எபிரேய நூல்களை அவர் இலத்தீனில் பெயர்த்தார். அவர் பெயர்த்தவையும் திருத்தியவையும் முதன்மையாக இடம்பெறும் இலத்தீன் விவிலியமே வுல்காத்தா எனப்படுகிறது. 1546இல் திரிதெந்து பொதுச்சங்கம் அதைத் திருச்சபையின் அதிகாரப்பூர்வமான இலத்தீன் பதிப்பாக அறிவித்தது.

எழுந்த எதிர்ப்பு

இன்று நாம் போற்றும் இந்தப் பணிக்கு அன்று கிடைத்தது பாராட்டு அல்ல. திருச்சபை அதுவரை பயன்படுத்தி வந்தது எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாடு. திருத்தூதர்கள் காலம் முதல் வழக்கில் உள்ள அதை விட்டுவிட்டு யூதர்களிடம் போய்க் கேட்பதா என்று பலர் கொதித்தார்கள். இளமை முதல் நண்பராய் இருந்த ரூபினுவே பகைவரானார். பாரனினாவின் பெயரைத் திரித்து, கிறிஸ்துவுக்குப் பதில் பரபாவைத் தேர்ந்துகொண்டவர் என்று எரோணிமுசைக் கேலி செய்தார். ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டதே குற்றமாகிவிட்டது.

ஆப்பிரிக்காவில் ஆயராய் இருந்த புனித அகுஸ்தினாரும் கவலைப்பட்டார். கிரேக்கத் திருச்சபை ஒரு வாசகத்தையும் இலத்தீன் திருச்சபை வேறு வாசகத்தையும் படித்தால் பிளவு வருமே என்பது அவர் அச்சம். அதற்கு ஒரு நிகழ்ச்சியை அவர் எழுதினார். இன்றைய லிபியாவின் திரிப்போலியான ஓயா நகரில், ஆயர் எரோணிமுசின் பெயர்ப்பிலிருந்து யோனா நூலை வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடிக்கு (யோனா 4:6) மக்கள் காலங்காலமாகச் சுரை என்று கேட்டுப் பழகியிருந்தார்கள். எரோணிமுஸ் அதைப் படர்கொடி வகை ஒன்றின் பெயரால் குறித்திருந்தார். கோவிலில் பெரும் கூச்சல்! ஆயர் அவ்வூர் யூதர்களிடம் விளக்கம் கேட்கும் நிலை வந்தது. அவர்கள் பழைய வாசகமே சரி என்று சொல்லிவிட்டார்கள். மக்களை இழந்துவிடாதிருக்க ஆயர் பின்வாங்கினார். எபிரேயச் சொல் குறிக்கும் செடிக்கு இலத்தீனில் பெயரே இல்லை என்று எரோணிமுஸ் விடையளித்தார். நம் தமிழ் விவிலியம் அதை ஆமணக்கு என்கிறது.

ஒரு செடியின் பெயருக்கு இவ்வளவு சண்டையா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த மக்கள் இறைவார்த்தையை எவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தால் ஒரு சொல் மாறியதும் எழுந்து நின்றிருப்பார்கள்! வாசகத்தில் ஒரு வரி விட்டுப்போனால் நம்மில் எத்தனை பேர் கவனிப்போம்?

புனிதரின் குறைகள்

எரோணிமுஸ் குறையற்றவர் அல்லர். மோசே சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது அவர் முகம் ஒளிர்ந்தது என்ற இடத்தில் (விப 34:29), அதே மெய்யெழுத்துகள் கொம்பு என்ற சொல்லுக்கும் உரியவை என்பதால், கொம்பு என்ற பொருள்படவே பெயர்த்தார். மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலையின் தலையில் இரு கொம்புகள் இருப்பது இதனால்தான். எபிரேயத்தில் இல்லாத தோபித்து, யூதித்து போன்ற நூல்களைத் திருமுறை நூல்களோடு சேர்க்க அவர் தயங்கினார். திருச்சபை அந்தக் கருத்தை ஏற்கவில்லை. அவரும் திருச்சபையின் வேண்டுகோளுக்கு இணங்கி அவ்விரு நூல்களையும் பெயர்த்துத் தந்தார்.

இவற்றைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. யூதர்களிடம் கல்வி கேட்ட அவரே, யூதர்களைப் பற்றிக் கடுமையான சொற்களையும் எழுதியிருக்கிறார். அது அக்காலத்தவர் பலரிடம் இருந்த நோய் என்று சொல்லலாம். ஆனாலும் அது நோய்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையில், யூத மக்களுக்கு எதிரான எந்த வெறுப்பும் தகாது என்று தெளிவாக்கியது. எரோணிமுசின் நூல்களில் உள்ள கோபத்தை விட்டுவிடுவோம். இரவு விளக்கின் அருகே யூதரும் கிறிஸ்தவரும் ஒரே ஏட்டின்மேல் குனிந்திருந்த அந்தக் காட்சியை வைத்துக்கொள்வோம்.

404இல் பவுலா இறந்தார். 410இல் உரோமை சூறையாடப்பட்ட செய்தி வந்தபோது எரோணிமுஸ் துயரத்தால் நிலைகுலைந்தார். வீடிழந்து பெத்லகேம் வந்த அகதிகளுக்கு உதவுவதற்காக, எழுதிக்கொண்டிருந்த எசேக்கியேல் விளக்கவுரையை நிறுத்தி வைத்தார். 416இல் பெத்லகேம் துறவு இல்லங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. கண்பார்வை மங்கிய நிலையிலும் பணியைத் தொடர்ந்த அவர், 420 செப்டம்பர் 30 அன்று, கிறிஸ்து பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

நமக்கு என்ன?

அன்பர்களே, நம் கையில் உள்ள தமிழ் விவிலியமும் இப்படிப்பட்ட உழைப்பின் கனிதான். முன்பு நம் கத்தோலிக்கத் தமிழ்ப் பழைய ஏற்பாடு எரோணிமுசின் இலத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்டது. மூல மொழிகளிலிருந்து பெயர்ப்புகள் உருவாக வேண்டும் என்று வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டது. தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் திண்டிவனத்தில் உள்ள நம் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் முன்னின்று உழைக்க, மற்றச் சபையினரோடு இணைந்து எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து உருவான பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. ஞாயிறு திருப்பலியில் நாம் கேட்பது அதைத்தான். அதன் பின்னாலும் எழுத்து எழுத்தாக எபிரேயம் கற்ற தமிழர்கள் இருக்கிறார்கள்.

எல்லாரும் எபிரேயம் கற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எரோணிமுசின் வாழ்வு நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. நம் பிள்ளைகளின் டியூஷனுக்குத் தயங்காமல் செலவிடும் நாம், இறைவார்த்தையைக் கற்க வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம்? அன்பியக் கூட்டத்தில் புரியாத பகுதி வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்கிறோமா, தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போகிறோமா? நம்மைவிட வயதில் இளையவரிடம், வேறு சபையைச் சேர்ந்தவரிடம், வேறு சமயத்தவரிடம் நல்லதொன்றைக் கற்க நம் கௌரவம் இடம் கொடுக்கிறதா?

பாரனினாவைப் பற்றி அவர் பெயரைத் தவிர நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. லித்தாவிலிருந்தும் திபேரியாவிலிருந்தும் வந்தவர்களுக்குப் பெயர்கூட எஞ்சவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேலைத் திருச்சபை வாசித்த விவிலியத்தில் அவர்களின் குரல் கலந்திருக்கிறது. எரோணிமுசுக்காக நன்றி சொல்லும்போது அவர்களுக்காகவும் நன்றி சொல்வோம். வருகிற செப்டம்பர் 30க்குள் யோனா நூலின் நான்கு அதிகாரங்களையாவது குடும்பமாக அமர்ந்து வாசிப்போம். அரைமணி நேரம் போதும். புரியாத இடத்தில் நிறுத்துவோம். தெரிந்தவரைத் தேடிப்போய்க் கேட்போம். கற்கும் உள்ளத்தை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.